மாஸ்டர் எந்த ஊரு?

சாப்பாடு எப்படி இருக்கும் என்று கேட்க மாட்டார். விலையும் கேட்க மாட்டார். உட்கார இடம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டார். ஓட்டலுக்குள் நுழைந்ததும் நேராகக் கல்லாவுக்குப் போய் ஒரே கேள்வி: "மாஸ்டர் எந்த ஊரு?"

உங்களுக்கு இவரைத் தெரியும். உங்கள் வீட்டில் பெரியப்பாவாக இருப்பார், ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரராக இருப்பார். எனக்கு மச்சானாக வாய்த்திருக்கிறார். அவருக்கு ராசபாளையம். எனக்குப் பக்கத்தில் வில்லிபுத்தூர். கல்யாணம், ஆஸ்பத்திரி, மில்லுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் என்று ஏதோ ஒரு சாக்கில் பொதிகை எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்கு வந்து இறங்குவார். ராத்திரியானால், "எங்க மாப்ள சாப்பிடலாம்?" என்று என்னிடம் கேட்பார். பழகியவர்கள் இதற்குப் பதில் சொல்ல மாட்டார்கள்.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. ஓட்டலின் ருசி மாஸ்டர் கையில். மாஸ்டரின் கை அவன் அம்மா அரைத்த அம்மியில். அந்த அம்மி ஊர்த் தண்ணீரில். ஆகவே ஊர் தெரிந்தால் போதும், மெனு கார்டு வேண்டாம். ஊர்களுக்கு ஒரு தரப்பட்டியலும் வைத்திருக்கிறார். சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை என்றால் கேள்வியே இல்லை, இலையைப் போடு. சங்கரன்கோவில் மாவட்டம் மாறிப் போனாலும் நம்ம ஆள்தான். திருநெல்வேலி, தூத்துக்குடி சம்பந்தி வீடு மாதிரி, மரியாதையோடு சாப்பிடலாம். மதுரை பரவாயில்லை, ஆனால் அலட்டல் ஜாஸ்தி. திருச்சி தாண்டிவிட்டால், "அவங்கல்லாம் குழம்புல சீனி போடுவாய்ங்க மாப்ள." திருச்சிக்கு வடக்கே யாரும் குழம்பில் சீனி போட்டு நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை.

சென்னையில் இவரைக் கூட்டிக்கொண்டு ஓட்டல் தேடுவது என்பது போர்டு படிப்பதுதான். இந்த நகரத்தில் பாதிச் சாப்பாட்டுக் கடைகள் ஏதாவதொரு ஊர்ப் பெயரில்தான் நடக்கின்றன. திண்டுக்கல் பிரியாணி, ஆம்பூர் பிரியாணி, விருதுநகர் எண்ணெய் பரோட்டா, செங்கோட்டை பார்டர் பரோட்டா. நமக்கெல்லாம் அது பெயர்ப்பலகை. மச்சானுக்கு அது பிரமாண வாக்குமூலம். குறுக்கு விசாரணை செய்யாமல் விட மாட்டார்.

வடபழனிப் பக்கம் ஒருநாள் ராத்திரி. பிள்ளைகளுக்குப் பசி, எனக்கு அதைவிடப் பசி. முதல் கடையில் சப்ளையர் "தெரியலைங்க" என்றார். மாஸ்டர் ஊர் தெரியாத கடையில் என்ன ஒழுங்கு இருக்கும் என்று வெளியே வந்தாயிற்று. அடுத்த கடையில் கல்லாக்காரர் விவரமானவர். வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, "மதுரைப் பக்கம் சார்" என்றார்.

"பக்கம்னா எந்தப் பக்கம்? உசிலம்பட்டியா, மேலூரா?"

கல்லாக்காரர் யோசித்தார். அந்த யோசனையிலேயே மச்சான் தீர்ப்பை எழுதிவிட்டார். மறுபடி தெரு.

மூன்றாவது கடையில் யாரையும் கேட்கவில்லை. வாசலிலேயே பரோட்டா கல். அதற்கு முன்னால் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மாவு உருண்டையை எண்ணெயில் புரட்டி, பலகையில் வைத்துத் தட்டி, இரண்டு வீச்சில் விரித்து, சுருட்டி, கல்லில் போட்டு, வெந்ததை நாலைந்தாக அடுக்கி இரண்டு கையாலும் 'பட் பட்'டென்று அடிக்கிறார்களே, அந்தச் சத்தத்தை வைத்தே ஊர் சொல்வேன் என்பது மச்சானின் நெடுநாள் உரிமைகோரல். கேட்டார். தலையாட்டினார். "நம்ம கைதான். சாத்தூருக்கு இங்கிட்டு. உக்காரு மாப்ள."

உட்கார்ந்தோம். பரோட்டா வந்தது, சால்னா வந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது. மச்சான் பெருமையை அடக்க முடியாமல், தண்ணீர் குடிக்க வந்த மாஸ்டரை நிறுத்திக் கேட்டார்: "தம்பி எந்த ஊரு?"

"பெர்ஹாம்பூர் சார். ஒடிசா."

என் மனைவி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள், சிரிப்பதை அண்ணன் பார்க்கக்கூடாதே என்று. மச்சான் ஒரு வாய் பரோட்டாவை மென்று முழுங்கினார். பிறகு நிதானமாக, "யாருகிட்ட தொழில் பழகுன?" என்றார்.

"முன்னாடி இங்கே ஒரு அண்ணன் இருந்தாரு சார். கோவில்பட்டி."

"பாத்தியா!" என்று மேஜையைத் தட்டினார். தண்ணீர் டம்ளர் சாய்ந்து என் மடியில் கொட்டியது. "கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் எம்புட்டு தூரம்?"

தோற்க மாட்டார். நானும் முயன்றிருக்கிறேன். சென்னைக்கு இட்லி சாம்பாரைக் காட்டிக் கொடுத்ததே தெற்கத்திக்காரன்தான் என்று ஒருமுறை ஆரம்பித்தார். சரவண பவன் ராஜகோபால் திருச்செந்தூர்ப் பக்கத்துப் புன்னையடிக்காரர், 1981-இல் கே.கே. நகரில் கடை போட்டார் என்பது ஆதாரம். அதற்கு ரொம்ப முன்னால் 1938-லேயே உடுப்பியிலிருந்து வந்த கிருஷ்ண ராவ் உட்லண்ட்ஸ் தொடங்கிவிட்டாரே என்றேன். காதில் விழவில்லை. திருவல்லிக்கேணி ரத்னா கபேக்குக் கூட்டிப்போய், இட்லி முங்குகிற அளவுக்குச் சாம்பார் ஊற்ற வைத்து, அவர் மெய்மறந்திருந்த நேரம் பார்த்துச் சொன்னேன்: 1948-இல் இதை ஆரம்பித்தது குப்தா குடும்பம், வடக்கே மதுராவிலிருந்து வந்தவர்கள்.

"மதுராதானே? மதுரைன்னு வச்சுக்க" என்று இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டார்.

ஸ்வீட் ஸ்டால் பக்கம் மட்டும் இவரைக் கூட்டிப்போகக் கூடாது. 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' என்று சென்னையில் எங்கே எழுதியிருந்தாலும் வண்டியை நிறுத்தச் சொல்வார். ஊர் என்னுடையது, கோபம் அவருடையது. 2019-இல் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, அதைக் காவல் காக்கும் பொறுப்பைத் தனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"தினமும் அங்கேருந்துதான் வருது சார்."

"பஸ்லயா, ரயில்லயா?"

"..."

"விறகடுப்பா, கேஸா?"

கவுண்டரில் நிற்கிற பையனுக்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. அவன் எந்த அடுப்பைக் கண்டான்? கடைசியில் நூறு கிராம் வாங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்து, முகர்ந்து, "சீனி தூக்கல்" என்று தீர்ப்புச் சொல்லி, பொட்டலம் காலியாகும் வரை தின்பார்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு அவரே சிரிப்பார். இனி எழுதுவதற்குச் சிரிக்க மாட்டார்.

"எந்த ஊரு?" என்றதும் சில சப்ளையர் பையன்களின் முகம் மாறுவதை நான் கவனித்திருக்கிறேன். நம் பக்கத்தில் "எந்த ஊரு?"க்கு அடுத்த கேள்வி "ஊருல எந்தத் தெரு?" என்பது எல்லோருக்கும் தெரியும். அது எதற்கான கேள்வி என்பதும் தெரியும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்காகவே ரயிலேறி வந்தவர்களும் இந்தச் சமையற்கட்டுகளில் இருக்கிறார்கள். மச்சான் அந்த எண்ணத்தில் கேட்பவர் அல்ல, அவர் தேடுவது சால்னாவின் பூர்வீகத்தை மட்டும்தான். ஆனால் தட்டை ஏந்தி நிற்கிற பையனுக்கு அது எப்படித் தெரியும்? இதை ஒருநாள் அவரிடம் சொன்னேன். முகம் சுண்டிப்போயிற்று. அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. அடுத்த முறை வந்தபோது கேள்வி திருந்தியிருந்தது: "மாஸ்டர் எந்த ஜில்லா?"

இன்னொன்றும் கேட்டேன். மானாவாரிப் பூமி, மழை பொய்த்த வருஷமெல்லாம் பையன்கள் டேபிள் துடைக்கப் பட்டணம் போனார்கள். துடைத்து, சப்ளையராகி, கல்லுக்கு நின்று, கடைசியில் சரக்கு மாஸ்டராகி ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் அவர்கள் பிள்ளைகள் காலேஜ் போனார்கள். இப்போது அடுப்படியில் நிற்பது ஒடிசா, பீகார், அசாம். நம்ம ஊர்க் கை வேண்டுமென்றால் யாராவது நம்ம ஊரிலிருந்து வர வேண்டுமே, உங்கள் மகனை அனுப்புவீர்களா என்றேன்.

"அவன் பி.இ. மாப்ள" என்றார், பயந்துபோய்.

சரி, ஊரிலாவது நிம்மதியாகச் சாப்பிடுவாரா? ராசபாளையத்துக்குப் போய்ப் பாருங்கள். காந்தி கலை மன்றத்தைச் சுற்றிக் காட்டுவார், சஞ்சீவி மலையைக் காட்டுவார், சாயங்காலம் பசிக்கிறது என்றால், "இங்க ஒண்ணும் சரியில்ல, பார்டருக்குப் போயிருவோம்" என்று காரை எடுப்பார். பார்டர் என்றால் செங்கோட்டைக்குப் பக்கத்துப் பிரானூர். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி எல்லாம் தாண்ட வேண்டும். வழியெல்லாம் கல் சூடாகத்தான் இருக்கிறது, சால்னா கொதிக்கத்தான் செய்கிறது. இவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பதில்லை. பார்டரில் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வியை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை அங்கே ஒரு கடையில் வந்த பதில்: "ராசபாளையம் அண்ணாச்சி."

இத்தனைக்கும் அவர் வீட்டில் என் தங்கச்சி முறைக்காரி வைக்கிற கறிக்குழம்புக்குப் பக்கத்தில் எந்த ஓட்டலும் நிற்காது. மாம்பழ சீசனில் சப்பட்டை ஒரு பை தூக்கிக்கொண்டு ரயிலேறி வருவார். அதில் ரெண்டு பழம் ஏதாவதொரு மாஸ்டருக்குப் போகும். சாப்பிட்டு எழுந்ததும் அடுப்படிப் பக்கம் எட்டிப்பார்த்து, "நீ சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் கை கழுவப் போவார். பெர்ஹாம்பூர்ப் பையனையும் கேட்டார். மாஸ்டரிடம் இதைக் கேட்கிற வாடிக்கையாளரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்காக அவரோடு பசியோடு கிளம்ப முடியாது. உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒருவர் பொதிகையில் வருவதாகத் தகவல் வந்தால், மாவை முதல் நாளே ஆட்டி வையுங்கள். ராத்திரி "வெளிய சாப்பிடலாம்" என்று அவர் சட்டையை மாட்டும்போது, அடுப்படிக்குப் போய் ஆளுக்கு நாலு இட்லியை முழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வாருங்கள். பிள்ளைகளுக்கு முதலில் கொடுங்கள்.