பச்சைக்குக் கீழே கறுப்பு

"பெயின்ட் அடிக்கிறது அரை மணி நேர வேலை சார். அதுக்கு முன்னாடி தேய்க்கணும்" என்றார் பெயின்டர் மாஸ்டர். எவ்வளவு நேரம் தேய்க்க வேண்டும் என்று கேட்டேன். என் கைகளை ஒருமுறை பார்த்தார். பதில் சொல்லவில்லை.

அப்பாவின் 1986 மாடல் புல்லட். டேங்க் ஒன்று, மட்கார்டு இரண்டு, பக்கவாட்டுப் பெட்டி இரண்டு, ஆக மொத்தம் ஐந்து உருப்படி. கூலியை மிச்சம் பிடிக்கலாமென்று நானே தேய்த்துத் தருவதாக ஏற்றுக்கொண்டேன். ஞாயிறு காலை உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்பது என் கணக்கு. நான்கு ஞாயிறு போய்விட்டது.

முதல் ஞாயிறு, வடிப்பதிலேயே போனது. "பெட்ரோல் இருக்கிற டேங்கைவிட காலி டேங்குக்குத்தான் பயப்படணும், உள்ளே நிக்கிற ஆவி வெடிக்கும்" என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சோப்புத் தண்ணீரில் அலசி, பால்கனியில் கவிழ்த்து வைத்த டேங்கில் வாசனை அடங்கும்வரை, இரண்டு நாள் மனைவி அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மிச்சம் பிடித்த கூலியில் பாதி ஓட்டல் சாப்பாட்டுக்குப் போயிற்று.

அடுத்தது பெயின்ட் ரிமூவர். கூழ் மாதிரி இருக்கும். பிரஷ்ஷால் தடிப்பாகப் பூசி, காயாமலிருக்க மேலே பாலிதீன் சுற்றி வைத்தால், கால் மணியில் பெயின்ட் பாலாடை போலச் சுருங்கி எழும். பட்டித் தகட்டால் வழித்துவிடலாம். கையுறை போடாவிட்டால் கைத்தோலும் அப்படித்தான் எழும்.

மேலே கறுப்பு வந்தது. அதன் கீழே பச்சை. பச்சைக்குக் கீழே, கீழடிக் குழியில் இறங்கியவன் போல மெதுவாகச் சுரண்டினேன். இடது பக்கம், முட்டி இடிக்கும் இடத்தில், சாம்பல் நிறத்தில் அரை விரல் கனத்துக்குப் பட்டி. அதையும் பெயர்த்தால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சொட்டை. சொட்டைக்குள் கம்பெனிக் கறுப்பு, கீறலோடு.

எங்கள் வீட்டுச் சரித்திரப்படி அப்பா ஒருமுறைகூட வண்டியைக் கீழே போட்டதில்லை.

"என்னப்பா இது?" என்றேன். பேப்பரை இறக்காமலே, "வாங்கும்போதே இருந்துச்சு" என்றார்.

அம்மா வந்து குனிந்து பார்த்தாள். "கல்யாணமான புதுசுல ஒருநாள் திடீர்னு பச்சை அடிச்சுட்டு வந்து நின்னாரு. 'உனக்குப் பச்சை பிடிக்குமே'ன்னாரு" என்றாள். பட்டி, பச்சைக்கு அடியில் இருந்தது. பேப்பர் இறங்கவேயில்லை. அன்றைக்கு அப்பாவுக்கு இரண்டாவது காபி கிடைக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு, 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, 120, 220 என்று தேய்த்தேன். மாலையில் தகடு வெள்ளி மாதிரி மின்னியது. ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டுப் படுத்தேன். திருவான்மியூர், கடற்காற்று. காலையில் எழுந்து பார்த்தால், டேங்கின் மேல் என் ஐந்து விரலும் ரேகையோடு துருவில் பதிந்திருக்கின்றன. எம்.காம். படித்தவன், கைநாட்டு வைத்திருந்தேன்.

"வெறும் தகட்டைக் கையால தொடலாமா சார்? வேர்வையில உப்பு இருக்கே" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். தேய்த்த அன்றே தின்னரில் துடைத்து, பிரைமர் ஏற்றிவிட வேண்டுமாம். மறுபடி 120, மறுபடி 220. மட்கார்டில் நான் எப்போதோ போட்ட சிலிகான் பாலீஷ் வேறு தன் பங்குக்கு வந்து சேர்ந்தது. பிரைமர் அதன்மேல் ஒட்டாமல் மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகி நின்றது. அதைத் துடைக்காமல் உப்புத்தாள் போட்டதால், கீறலுக்குள் பாலீஷை நானே அமுக்கி ஏற்றியிருக்கிறேன்.

போன ஞாயிறு ஐந்து உருப்படியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மாஸ்டர் சொட்டையைத் தட்டி எடுத்து, மெல்லிசாகப் பட்டி பார்த்து, பிரைமர் ஏற்றி, அதன்மேல் கறுப்பைப் பன்னீர் தெளிப்பது போல லேசாகத் தூவினார். மரக்கட்டையில் 400-ஆம் நம்பர் தாளைச் சுற்றி என்னைத் தேய்க்கச் சொன்னார். மேடெல்லாம் வெளுத்துவிடும், பள்ளத்தில் கறுப்பு தங்கும். எனக்குத் தங்கிய கறுப்பை எண்ணினேன், பதினேழோடு நிறுத்திக்கொண்டேன். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு நாடி பார்ப்பது போல உள்ளங்கையால் தடவி, பதினெட்டாவதைக் காட்டினார்.

இனி நிறம். மகள் நீலம் கேட்கிறாள், மனைவி மெரூன். அம்மா பச்சை வேண்டவே வேண்டாம் என்கிறாள். ஆர்.சி. புத்தகத்தில் கறுப்பு என்றிருக்கிறது. 2001-ல் புதுப்பிக்கப் போனபோது அப்பா பச்சையை மறைத்ததும் அதற்காகத்தானாம். நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலைந்து அதைப் பதிய வேண்டும்.

கறுப்புதான் அடிக்கிறோம்.