ஓடியதா, ஓடிப்போனதா?

கேள்வி: தினமும் அதிகாலை 2 மணிக்கு பேக்கப் எடுக்கும்படி லினக்ஸ் சர்வரில் ஒரு கிரான் வேலை போட்டிருக்கிறேன். அது ஒழுங்காக நடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உபுண்டு என்றால் பெரும்பாலும் சிஸ்லாக் கோப்பில், ரெட்ஹாட் வகையறா என்றால் கிரானுக்கென்றே உள்ள லாக் கோப்பில் பாருங்கள். 2 மணிக்கு நேரே உங்கள் கட்டளை பதிவாகியிருக்கும். உடனே நிம்மதியாகத் தூங்கப் போய்விடாதீர்கள். வேலையைத் தொடங்கிவைத்தேன் என்று மட்டும்தான் அந்த வரி சொல்கிறது. கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத் தாலி கட்டியாயிற்று என்று சொல்ல முடியுமா?

வேலை என்ன புலம்பியது என்பதை கிரான் மெயிலில் அனுப்பும். உபுண்டு சர்வரில் மெயில் மென்பொருளே இல்லையென்றால் புலம்பலைக் கடாசிவிட்டு, ‘கடாசிவிட்டேன்’ என்று லாக்கில் ஒரு வரி எழுதிவைக்கும். நேர்மையான ஆசாமி!

மெயில் வராவிட்டால் எல்லாம் சுகம் என்று நம்புவது லாக்கை மட்டும் நம்புவதைவிட ஆபத்து. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் முதன்மை டேட்டாபேஸைத் தவறுதலாக அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் பெட்டி காலி. டேட்டாபேஸின் பதிப்பு பொருந்தாமல் கிரான் வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வந்த மெயில்களோ, உரிய அத்தாட்சி இல்லாததால் வாசலிலேயே நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. சுமார் 6 மணி நேரத் தரவு போனது போனதுதான்.

எனவே வேலை நல்லபடியாக முடிந்தாலும் ஒரு வரி மெயில் வரும்படி செய்யுங்கள். அது வராத காலையில் பதறுங்கள். அவ்வப்போது பேக்கப்பை வேறொரு சர்வரில் விரித்தும் பார்த்துவிடுங்கள்.