பச்சை ரத்தம் தெறிச்சா பாவமில்ல

வாய்யா மாப்ள, உக்காரு. மூஞ்சியே சொல்லுதே, இன்னிக்கும் பையன்கிட்ட செல்லைப் பிடுங்கி வெச்சிட்டுத்தான் வந்திருக்க. துப்பாக்கி, குண்டு, கொலை... புள்ள கெட்டுப்போறான்ங்கிற. நியாயமான கோவம்தான். ஆனா கோவத்துக்கும் ஒரு பருவம் இருக்குல்ல? அதைத் தவற விட்டுட்டியே.

2019-ல கோவப்பட்டிருக்கணும் நீ. அந்த ஜனவரியில டெல்லிப் பரீட்சைக் கூட்டத்துல ஒரு தாய், மகன் ஆன்லைன் கேமே கதின்னு கிடக்கிறான்னு முறையிட, பிரதமர், 'பப்ஜிக்காரனா?'ன்னு கேட்டாரு. கூட்டமே சிரிச்சுது. மார்ச்சு மாசம் ராஜ்கோட்டுல அந்தத் துப்பாக்கி ஆட்டத்துக்குத் தடை போட்டு, விளையாடின 10 பேரைப் போலீசு பிடிச்சுது. அப்ப நீ திண்ணையில நின்னு ரெண்டு சத்தம் போட்டிருந்தா ஊரே கை தட்டியிருக்கும்.

2020 செப்டம்பர்ல அரசாங்கமே தடை பண்ணுச்சு. புள்ளைங்க சுட்டுக்கிறாங்கன்னா? அட நீ ஒண்ணு! லடாக்ல சீனாக்காரனோட கைகலப்பு ஆன வருஷம் அது. நம்ம தகவல் வெளியே போகுது, நாட்டுக்கு ஆபத்துன்னு மூட்டை கட்டின 118 செயலியில இதுவும் ஒண்ணு. அடுத்த ஜூலையில அந்த ஆட்டத்தைச் செஞ்ச கொரியாக்காரன் அதுக்குப் புதுப் பேரு வெச்சுக் கூட்டியாந்தான். ரத்தத்துக்குப் பச்சைச் சாயம். 'கில்'லுன்னு இருந்ததை 'ஃபினிஷ்'னு மாத்தினான். செத்தவனுக்கு எவ்வளவு நிம்மதி பாரு!

வெள்ளைக்காரன் மட்டும் என்ன வாழ்ந்தான்? 1993-ல மார்ட்டல் காம்பாட்னு ஒரு சண்டை ஆட்டம் வீட்டு டிவிக்கு வந்துச்சு. நின்டென்டோகாரன் யோக்கியன், ரத்தத்தை வேர்வையாக்கிட்டான். சேகாகாரன் ரகசியமா ஒரு பட்டன் வரிசை வெச்சான், அதை அமுக்கினா ரத்தம் கொட்டும். எது அதிகம் வித்துச்சுன்னு நான் சொல்லணுமா? டிசம்பர்ல அமெரிக்க செனட்டுல விசாரணை, மறு வருஷம் வயசு முத்திரை குத்த ஒரு வாரியம். அடுத்த பாகத்துல நின்டென்டோவும் ரத்தத்தைத் தொறந்து விட்டுட்டான். யோக்கியதை ஒரு வருஷம் தாங்குச்சு. 2011-ல இந்த மாதிரி ஆட்டத்தைச் சிறுசுங்களுக்கு விக்கக்கூடாதுன்ன கலிபோர்னியாச் சட்டத்தை அவங்க உச்ச நீதிமன்றமே தள்ளிடுச்சு. பாட்டி கதையில குழந்தைங்க சூனியக்காரியை அடுப்புல தள்ளலையான்னு தீர்ப்புலேயே எழுதினாரு ஒரு நீதிபதி.

அவங்களுக்கு அடுப்பு, நமக்குப் படுகளம். நம்ம திரௌபதையம்மன் திருவிழாவுல மண்ணால துரியோதனனை மலை மாதிரி படுக்க வெப்பாங்களே, மறந்துட்டியா? பீமன் வேசக்காரன் தொடையில ஓங்கி அடிக்க, உள்ள வெச்ச செவப்புத் தண்ணி குபுக்குன்னு வரும். அதைத் தொட்டுத்தான் அம்மன் கூந்தல் முடிப்பா. பொம்பளைங்க தொடப்பக்கட்டையோட நிப்பாங்க. நீ உங்கப்பன் தோள்ல உக்காந்து, 'இன்னொரு அடி, இன்னொரு அடி'ன்னு கத்துன. கூட்டம் கலைஞ்சதும் அந்த மண்ணுல ஒரு பிடி அள்ளி வீட்டுக்குக் கொண்டு போனீங்க. நல்ல வேளை, அதுக்கு அப்புறம் நீ யாரு தொடையையும் உடைக்கல. பங்காளி வரப்பைத்தான் உடைச்ச.

அதனால ரத்தத்தைக் காட்டிப் பயப்படாதேங்கிறேன். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சுக் கிடக்கிறானே, உன் பணத்துல பொம்மைத் துப்பாக்கிக்குச் சட்டை வாங்குறானே, அதைக் கேளு. அதைக் கேட்டா நீயும் ராத்திரி ரீல்ஸைத் தள்ளிட்டுக் கிடக்கிறது வெளியே வந்துடும். அதான் கொலை, குத்துன்னு பெரிய விஷயமா எடுக்கிற. உன் சாமர்த்தியம் எனக்குத் தெரியாதா?

இப்போ கத்தியும் பிரயோசனமில்ல மாப்ள. 2022 டிசம்பர்ல ஈ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறைக்கிட்டயே ஒப்படைச்சிட்டாங்க. 2024 ஏப்ரல்ல அதே பிரதமர், கேம் ஆடுற பசங்களை வரவழைச்சு, தானும் ஆடிப் பார்த்தாரு. நீ மட்டும் இன்னும் செல்லை அரிசிப் பானையில ஒளிச்சு வெச்சுக்கிட்டிருக்க.

போ, செல்லை எடுத்துக் குடு. குடுக்கிறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு பாரு. 18 வயசுக்குக் கீழன்னா ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தான்னு அந்த ஆட்டத்துலயே கட்டுப்பாடு இருக்கு. அப்புறம் எப்படி உன் மகன் விடிய விடிய ஆடுறான்? பொறந்த வருஷம் என்னன்னு போட்டிருக்கான்னு பாரு. உனக்கு முன்னாடி பொறந்திருந்தான்னா, அண்ணேன்னு ஒரு கும்பிடு போட்டுட்டு வா.