கிராஸ்ஃபிட்டா, ஹைராக்ஸா?

கேள்வி: கிராஸ்ஃபிட்டில் சேரலாமா, ஹைராக்ஸுக்குத் தயாராகலாமா? – வாசகர், கச்சிபவுலி, ஹைதராபாத்

பதில்: நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர் என்றால், முதல் வருஷம் கிராஸ்ஃபிட், ஹைராக்ஸ் பந்தயம் அப்புறம். ஹைராக்ஸ் பிறந்தது 2017இல், ஜெர்மனியில். 2025 மே மாதம் மும்பைக்கும் வந்துவிட்டது. எங்கே நடந்தாலும் ஒரே வரிசை: ஒரு கிலோமீட்டர் ஓட்டம், ஒரு உடற்பயிற்சி என்று எட்டு சுற்று. பாரம் ஏற்றிய ஸ்லெட்டை 50 மீட்டர் தள்ளி முடித்த கால் உடனே அடுத்த கிலோமீட்டர் ஓட மறுக்கும். அங்கேதான் பலருக்கு மூச்சு வாங்கும். அளவு மாறாததால் போன வருஷ நேரத்தோடு நேராக ஒப்பிடலாம், அது பெரிய வசதி. ஆனால் தலைக்கு மேல் பாரத்தைத் தூக்கிப் பிடிப்பதோ, கம்பியில் தொங்கி உடம்பை ஏற்றுவதோ அதில் கிடையாது. பல வருஷம் உட்கார்ந்தே கூனிப்போன தோளுக்கு வேண்டியது அவைதான், கிராஸ்ஃபிட்டில் அவை உண்டு.

“கிராஸ்ஃபிட்டில் தினம் வேறொரு பயிற்சி, முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பது?” என்பார்கள். 21-15-9 முறை என்று த்ரஸ்டரும் (குந்தி எழுந்து பாரத்தைத் தலைக்கு மேல் தள்ளுவது) புல்-அப்பும் செய்யும் ‘ஃபிரான்’ அதற்காகவே இருக்கிறது. காயம் படும் என்ற பயம் நியாயமானது. களைத்த பிறகும் எடையைக் குறைக்கச் சொல்லாத பயிற்சியாளரிடம் போகாதீர்கள். பந்தய ஆசை விடாவிட்டால், வாரம் இரண்டு நாள் வெயில் ஏறுமுன் ஹுசேன் சாகர் கரையில் ஓடிப் பழகுங்கள். ஹைராக்ஸ் நேரத்தில் ஏறக்குறையப் பாதி ஓட்டத்துக்கே போகும்.