ராம் பத்தலை தம்பி

பினாங்கில் கல்யாணமோ காதுகுத்தோ தைப்பூசமோ, கேமராவும் கையுமாக முதலில் வந்து நிற்பவர் வீடியோ அண்ணன். மற்ற நாட்களில் அவரைப் பார்க்க வேண்டுமென்றால் கொம்தார் பக்கம் போக வேண்டும். பிராங்கின் மாலில் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்.

“கல்யாண வீடியோ எப்பண்ணே ரெடியாகும்?”

“முக்கால்வாசி முடிஞ்சிருச்சு தம்பி. மெஷின்தான் இழுக்குது. ராம் பத்தலை.”

8 ஜிபி 16 ஆகும், 16 என்பது 32 ஆகும். அப்புறம்தான் ராம் மேல் குற்றமில்லை, ஹார்ட் டிஸ்க்தான் சோம்பேறி என்று தெரியவரும். எஸ்எஸ்டி வரும். அது வந்த கையோடு கிராபிக்ஸ் கார்டு கிழவனாகிவிடும். புதுக் கார்டு பழைய பெட்டிக்குள் நுழையாது, பெட்டி மாறும். பவர் சப்ளை தாங்காது, அதுவும் மாறும். கடைசியில், மெஷினுக்குச் சூடு ஆகாதென்று அறைக்கு ஏர்கோன். அண்ணி பல வருஷமாகக் கேட்டும் வராத ஏர்கோன், கார்டு வந்த வாரமே வந்துவிட்டது.

அண்ணன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இப்போதெல்லாம் போனில்கூட 4கே. ஒரு பிரேமுக்கு ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள், பழைய ஃபுல் எச்டியைப்போல நான்கு மடங்கு. அதையும் கேமரா முழுசாக எழுதி வைப்பதில்லை. முந்தைய பிரேமுக்கும் இதற்கும் என்ன மாறியதோ அதை மட்டும் பெரும்பாலும் குறித்துக்கொண்டு இடத்தை மிச்சம் பிடிக்கும். மணப்பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும்வரை பிரச்சினையில்லை. தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் வரும் வழியில் தேங்காய் உடைக்கிறார்களே, அதை எடுத்துப் பாருங்கள். ஓடு ஒரு பக்கம், சில்லு ஒரு பக்கம், தேங்காய்த் தண்ணீர் லென்ஸ்மேல். பிரேமுக்குப் பிரேம் எல்லாமே வேறு. இதைப் பிரித்து ஓட்டச் சொன்னால் பழைய கம்ப்யூட்டர் என்ன செய்யும்? தேங்காயை ஓங்கிய பக்தர் அப்படியே உறைந்து நிற்பார்; ‘படார்’ சத்தம் மட்டும் முன்னால் போய்விடும்.

இதற்குக் காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு, பிராக்ஸி. மூலக் காட்சிக்குச் சின்னதாக ஒரு நகல் எடுத்து, வெட்டுவது ஒட்டுவதெல்லாம் அதில் செய்து, கடைசியில் மூலத்தை வைத்து வெளியே எடுப்பது. பிரீமியரில் இருக்கிறது, டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலும் இருக்கிறது. லைட் பிடிக்கும் பையன் இதை எடுத்துச் சொன்னான். அண்ணன் முகம் சுண்டிவிட்டது.

“அதெல்லாம் வசதி இல்லாதவன் செய்யறதுடா.”

மேலே பேசினால் வரலாறு வரும். இண்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் தொடங்கியது இந்தப் பினாங்கில்தான். அண்ணனின் சித்தி அங்கே ஷிப்டு பார்த்தவர். “சிப்பு நம்ம குடும்பத் தொழில். எனக்கேவா சொல்லித் தர்றே?” சித்தி இப்போது பேத்தியின் பழைய போனில் வீடியோ பார்க்கிறார். அவருக்கு ஒருநாளும் திணறியதில்லை.

இதற்கிடையில் கல்யாண ஜோடிக்குப் பிள்ளை பிறந்து காதுகுத்தும் வந்துவிட்டது. அதற்கும் அண்ணனையே கூப்பிட்டார்கள். வேறென்ன செய்வது, பணம் முழுவதும் அவரிடம் அல்லவா இருக்கிறது! அண்ணன் பெருந்தன்மையானவர். “ரெண்டையும் ஒரே பென்டிரைவ்ல போட்டுத் தர்றேன், காதுகுத்துக்குக் காசு வேணாம்” என்றார்.

வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என்ன கார்டு போட்டிருக்கிறீர்கள் என்று அண்ணனிடம் கேட்டுவிடாதீர்கள், கையிலிருக்கும் நாசி கண்டார் ஆறிவிடும். கடைசியாக யாருக்கு எப்போது வீடியோ கொடுத்தார் என்று மட்டும் கேளுங்கள். முன்பணமாகப் பாதி போதும். மீதி வெள்ளியை பென்டிரைவ் கைக்கு வந்த பிறகு எண்ணிக் கொடுங்கள்.