கால் என்றால் கால்

அம்பத்தூர் எஸ்டேட்டில் 28 வருடமாக ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். போல்ட், நட், வாஷர் எதையும் எண்ண மாட்டேன்; நிறுப்பேன். பத்து வாஷரை நிறுத்து ஒன்றின் எடையைக் கண்டுபிடித்து, மூட்டையை நிறுத்து வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். கணக்கில் நாலு வாஷர் உதைத்தால் அன்று எனக்குத் தூக்கம் கிடையாது. அப்படிப்பட்டவனை ஒரு தின்பண்டம் கணக்கில் கவிழ்த்தது.

சர்க்கரை பார்டரில் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன வாரம் அது. "மைதாவைக் குறைங்க. எதைச் சாப்பிட்டாலும் கலோரி பார்த்துச் சாப்பிடுங்க" என்றார். முதல் வாக்கியம் கிளினிக் படி இறங்குவதற்குள் மறந்துவிட்டது. இரண்டாவதைச் சிரமேற்கொண்டு, கலோரி எழுதிப் போட்டிருக்கும் கடையாகத் தேடி எம்.டி.எச். ரோட்டில் ஒன்றில் நுழைந்தேன்.

எல்லாக் கடையிலும் இது கிடைக்காது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் வருட விதிப்படி, மத்திய உரிமம் வாங்கியவர்களும் பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கடை வைத்திருப்பவர்களும்தான் மெனு கார்டில் ஒரு பரிமாறலுக்கு இத்தனை கலோரி என்று போட வேண்டும். பெரிய கடை தன் பாவத்தைத் தானே எழுதி ஒட்டிக்கொள்கிறது. தள்ளுவண்டி புண்ணியவானாகவே இருக்கிறது.

மெனு கார்டில் 'மீட் அண்டு சீஸ் கால்சோன்' என்று இருந்தது. பக்கத்தில் 240 கிலோகலோரி. ஒரு இட்லிக்கு ஏறக்குறைய 60 என்று வைத்தால் நாலு இட்லி. நாலு இட்லி சாப்பிடக்கூடாது என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. ஆர்டர் கொடுத்தேன்.

வந்தது, தொந்தி விழுந்த அரை நிலா. பீட்ஸாவை இரண்டாக மடித்து ஓரத்தை ஒட்டி, உள்ளே நடப்பது வெளியே தெரியாமல் சுட்டிருந்தார்கள். பிய்த்தால் சீஸ் கொடிக்கயிறு மாதிரி நீண்டது. நாலு இட்லிக்கு இவ்வளவு கனமா என்று ஸ்டோர்ஸ் மூளை ஒரு கேள்வி கேட்டது. அதை அதட்டி உட்காரவைத்துவிட்டு முழுசையும் முடித்தேன். பில் கொடுக்கும்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெனு கார்டின் அடிவாரத்தைப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: 'பரிமாறல் அளவு: 1/4'.

கால்சோன் என்பது நேப்பிள்ஸ் ஊர்ப் பண்டம். இத்தாலிய மொழியில் அந்தப் பெயருக்குக் கால்சட்டை என்று பொருளாம். தமிழ்க் கால்சட்டைக்கும் அதற்கும் ஒட்டு உறவு கிடையாது. ஆனால் நம் ஊரில் கால் என்றால் நாலில் ஒன்று என்றும் பொருள் இருக்கிறதே, அதை மட்டும் கடைக்காரர்கள் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். கால்சட்டையைக் கால்வாசி மாட்டிக்கொண்டு எவனாவது தெருவுக்கு வருவானா? நாலை நாலால் பெருக்கினேன். பதினாறு இட்லி. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று என் கல்யாணத்தில் வாழ்த்தியவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் ஆபீசில் புலம்பினேன். ஆவடியிலிருந்து வரும் நண்பர், "அண்ணே, இதுக்குப் போயி அவ்ளோ காசா? வாங்க, கறி லாப்பா சாப்பிடலாம்" என்று இழுத்துப் போனார். மாஸ்டர் மைதா மாவை வேட்டி மாதிரி வீசி, நடுவில் முட்டையும் வெங்காயமும் கொத்துக்கறியும் வைத்து, நாலு பக்கமும் மடித்துக் கல்லில் போட்டார். சீஸ் இல்லை, அவ்வளவுதான். இதுவும் கால்சட்டைதான், நாலு பக்கமும் தையல் போட்டது.

"மாஸ்டர், இதுல எவ்ளோ கலோரி?"

"அதெல்லாம் போடறதில்ல சார். வேணும்னா வெங்காயம் எக்ஸ்ட்ரா போடறேன்."

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கால்சோன் வாங்கி வந்தேன். சாப்பிட அல்ல, சோதிக்க. சமையலறைத் தராசை எடுத்ததும், "ஏங்க, அது பலகாரத்துக்கு மாவு நிறுக்கிறதுங்க" என்றாள் மனைவி. "இதுவும் மாவுதான்" என்றேன்.

நம் சாப்பாட்டுக்குக் கலோரிக் கணக்கு போட்ட இடம் நம் குன்னூர்தான். 1918இல் மெக்காரிசன் என்ற டாக்டர் அங்கே சின்னதாக ஆரம்பித்த ஆராய்ச்சி, 1937இல் அவருக்கு அடுத்து வந்த அய்க்ராய்டு காலத்தில் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலாக வெளிவந்தது. 1958இல் அந்த ஆராய்ச்சி நிறுவனம் ஹைதராபாத்துக்குக் குடிபோயிற்று. அவர்கள் 2017இல் போட்ட பட்டியலில் 528 உணவுகள் இருக்கின்றன. அரிசி, பருப்பு, கீரை, மீன் எல்லாம் உண்டு. அசெம்பிள் செய்த அயிட்டம் கிடையாது. எனவே எஸ்டேட் வழக்கப்படி உதிரிபாகம் உதிரிபாகமாகக் கழற்றிப் போட்டேன்.

மைதா 120 கிராம் என்று மதிப்பிட்டேன், 420 கலோரி. சீஸ் 80 கிராம், 240. கறி 80 கிராம், 180. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, 120. மொத்தம் 960. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நாலால் வகுத்தால் அட்சர சுத்தமாக 240.

நியாயமாகச் சொன்னால், புரதத்தில் கால்சோன் ஜெயித்துவிட்டது. மாவு, சீஸ், கறி மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 47 கிராம். பதினாறு இட்லி முட்டி மோதினாலும் 32 கிட்டத்தில்தான் நிற்கும். தோற்றது கொழுப்பில். அது 44 கிராம் இருந்தது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி என்றால் கொழுப்பு 9. 960இல் 400 அதன் பங்கு. இட்லியில் கொழுப்பு பேருக்குத்தான். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே மாவில் உப்பு, சீஸில் உப்பு, கறியில் உப்பு, சாஸில் உப்பு. நார்ச்சத்தைத் தேடினேன். வாங்கி வந்த சணல் பையில் இருந்தது.

என் கணக்கை வாசித்து முடித்தபோது அம்மா வந்து பார்த்தார். "என்னடா இது, சோமாஸைப் போட்டு இப்படி வதைச்சு வெச்சிருக்க?" என்று அதட்டி, கழற்றியதையெல்லாம் திரும்ப உள்ளே திணித்து, கத்தியால் குறுக்கே மூன்று கோடு போட்டு, நாலு தட்டில் வைத்தார். எனக்கு, மனைவிக்கு, மகளுக்கு, தனக்கு. 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாட்டில் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டார்கள். பக்கத்து ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் அது அமலுக்கு வர இத்தனை வருடம் ஆனது.

தட்டைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. மெனு கார்டை எழுதியவர் என்னைத் தனியாளாக நினைக்கவே இல்லை. அம்மா, பெண்டாட்டி, பிள்ளை சகிதமாக வருகிற குடும்பஸ்தன் என்று நம்பி எழுதியிருக்கிறார். ரகசியமாகத் தனியே போய்த் தின்றவன் நான். இப்போது ஆளுக்குக் கால், தலைக்கு 240. ஸ்டாக் டேலி ஆகிவிட்டது. நிம்மதியாகக் கை கழுவ எழுந்தேன்.

"எங்கடா எழுந்துட்ட? இது கால் வயித்துக்குக்கூடக் காணாது" என்றார் அம்மா, அடுப்பில் கல்லைப் போட்டபடி. "மீதி முக்காலுக்கு நாலு தோசை ஊத்தறேன், உட்காரு."

உட்கார்ந்தேன். அம்மாவின் தோசைக்கு மெனு கார்டு கிடையாது.