அன்னபோஸ்ட் தலைவர்

கணினி மெதுவாகக் கிளம்புகிறது என்று மட்டும் வெளியே சொல்லிவிடக் கூடாது. மூட்டுவலிக்கு அடுத்தபடியாக நம் ஊரில் இலவச வைத்தியம் கொட்டுவது இதற்குத்தான். "எஸ்எஸ்டி போடுங்க சார்" என்பார் ஒருவர். போட்டாயிற்று என்றால், "அப்ப ராம் ஏத்துங்க" என்பார். எதுவும் தோன்றாதவர்கள், "எதுக்கும் ஒரு தடவை ஃபார்மேட் அடிச்சிருங்களேன்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்து முடிப்பார்கள். என் மனைவி யாரையும் கலந்துகொள்வதில்லை. "அதைத் தலையைச் சுத்திப் போட்டுட்டு வேற வாங்குங்க."

என்னுடையது மச்சினர் அலுவலகத்தில் உழைத்து ஓய்வு பெற்ற மடிக்கணினி. உள்ளே உபுண்டு. பொத்தானை அமுக்கினால் திரையில் சின்னம் வரும். பிறகும் சின்னமே வரும். அந்த நேரத்தில் நான் பல் தேய்த்துவிடுவேன்.

அக்கா மகன், இன்ஜினியரிங் படிக்கிறவன், விடுமுறைக்கு வந்தவன் செய்ததெல்லாம் எஸ்கேப் பொத்தானைத் தட்டியதுதான். சின்னம் விலக, பின்னால் மறைந்திருந்த வரி தெரிந்தது. சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமுமாக உலாத்த, 'அக்கவுண்ட்ஸ்' என்ற ஃபோல்டரை இணைக்கும் வேலை நடந்துகொண்டிருப்பதாக அறிவிப்பு. பக்கத்தில் கடிகாரம்: 1 நிமிடம் 30 வினாடிக் கெடுவில் இத்தனை வினாடி போயிற்று என்று.

"மாமா, யாரு இந்த அக்கவுண்ட்ஸ்?"

மச்சினர் அலுவலகத்துக் கணக்குப் பிரிவு. அங்கிருந்த சர்வரின் ஃபோல்டரை என்எஃப்எஸ் வழியாகத் தன்னுடையதாக மாட்டிக்கொள்ளும்படி 'எஃப்எஸ்டேப்' என்னும் பட்டியல் கோப்பில் யாரோ ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். அலுவலகத்தை விட்டு வந்தும் விசுவாசம் விடவில்லை. தினமும் காலையில் எங்கள் வீட்டு வைஃபையில் அந்த சர்வரைத் தேடியிருக்கிறது. வெளியூர் ஃபோல்டர்களின் கதை முடிந்த பிறகுதான் பாஸ்வேர்டு கேட்கும் திரைக்கு முறை வரும். கிளம்பும் வேலைகளை மேய்க்கும் சிஸ்டம்டி, பதில் வராதவர்களுக்கு வழக்கமாகத் தரும் அவகாசம் 90 வினாடி. என் பல் பளபளப்பின் ரகசியம் இதுதான்.

என்எஃப்எஸ்ஸைக் குறை சொல்ல மாட்டேன். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் அதைக் கொண்டுவந்தபோது ஹார்ட் டிஸ்க் யானை விலை. சர்வரில் இருக்கும் வட்டைத் தன் சொந்த வட்டு போலவே நினைத்துக்கொள்ள வேண்டிய நிலையில் மேசைக் கணினிகள் இருந்தன. சொந்த வட்டே வராமல் எப்படிக் கிளம்புவது? காத்திருந்ததில் நியாயம் உண்டு. என் மடிக்கணினியிடம் அந்த நியாயம் செல்லாது.

அந்த வரியின் தலையில் ஒரு ஹேஷ் குறி போட்டான். போதும், அது வெறும் குறிப்பாகிவிட்டது. "ஃபோல்டர் நிஜமாவே வேணும்னா 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்'டும் 'நோஆட்டோ'வும் சேத்துக்கலாம் மாமா. தொடும்போது மட்டும் போய்த் தேடும்." எனக்கு எதற்கு மச்சினர் கணக்கு? தெரியாமல் இருப்பதே உறவுக்கு நல்லது.

அடுத்து 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' என்று தட்டினான். கிளம்பும்போது யார் எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்று ஆள் ஆளாகக் காட்டிக் கொடுக்கும் கட்டளை. (முதலில் நிற்பவர்தான் குற்றவாளி என்று உடனே முடிவு கட்டக் கூடாது, இன்னொருவருக்காகக் காத்திருந்தவரின் நேரமும் அவர் கணக்கில்தான் ஏறும்.) தலைப்பகுதியில் 'என்எம்பிடி' என்று ஒரு பெயர்.

இது சாம்பா குடும்பம். விண்டோஸ் கணினிகளோடு லினக்ஸ் கோப்பு பரிமாறிக்கொள்ள உதவுவது. கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிவைத்தது. வயரில் போகும் பேச்சை ஒட்டுக்கேட்டே அந்த மொழியைப் படித்துக்கொண்டு எழுதினார். ஒட்டுக்கேட்டு உருப்பட்டவர் என்று எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

சாம்பாவில் எஸ்எம்பிடி கோப்புகளைப் பரிமாறும். கேட்க ஆள் வராவிட்டாலும் காத்தே நிற்கும். கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கிற ஆள் அது. என்எம்பிடியோ அரசியல்வாதி. முதலில் நெட்வொர்க் வரும்வரை மேடையேறாமல் காத்திருக்கும். வைஃபை தாமதமானால் அதுவும் தாமதம். வந்ததும், இந்தப் பகுதியில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை வைத்துக்கொள்ளும் தலைவர் யார் என்று விசாரிக்கும். இல்லையென்றால் தேர்தல். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதற்குப் பெயரே தேர்தல்தான். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தகுதி எண் உண்டு. சாம்பாவுக்கு வழக்கமாக 20.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கணினி. எதிர்த்து நிற்க ஆளில்லை. தான் தலைவராகிவிட்டதாக அது லாகில் நட்சத்திரங்களுக்கு நடுவே எழுதி வைத்திருந்தது. அன்னபோஸ்ட்! அதுவும் கணினியைப் போடும்போதெல்லாம் புதுத் தேர்தல். நகர்மன்றத்துக்குக் கூட இப்படி அடிக்கடி நடத்துவதில்லை.

"மாமா, நீங்க யாருக்காவது எதையாவது ஷேர் பண்றீங்களா?"

"நான் பேப்பரையே படிச்சு முடிக்காம யாருக்கும் தர்றதில்லடா."

பதிலைக் கேட்டு 'சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள்' என்று எஸ்எம்பிடி, என்எம்பிடி இரண்டின் பெயரையும் கொடுத்து ஆட்சியைக் கலைத்தான். இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உபுண்டுவில் இந்த மாதிரிச் சேவையை நிறுவியவுடன், கேட்காமலேயே அது வேலையில் சேர்ந்துவிடுகிறது. வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? தேவையில்லாமல் திறந்து கிடக்கும் கதவு நேரத்தை மட்டும் தின்பதில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகளில் புகுந்தது இதே கோப்புப் பகிர்வின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான்.

இப்போது பொத்தானை அமுக்கிவிட்டுப் பேஸ்ட்டைப் பிதுக்குவதற்குள் பாஸ்வேர்டு கேட்கிறது.

ஊருக்குக் கிளம்பும்போது பையன் தலையைச் சொறிந்தான். "மாமா, அம்மாவோட அறுபதாம் கல்யாண ஃபோட்டோ எல்லாம் உங்க லேப்டாப்லதான இருக்கு? என் லேப்டாப்புக்கு நெட்வொர்க்ல ஷேர் பண்ணிருங்களேன்."

பென் டிரைவை எடுத்து நீட்டினேன். அது இன்னும் திரும்பி வரவில்லை.